நீண்ட கரம்



நம் மஹல்லாக்களில் ஒரு பெண்மணி மவ்த்தாகிவிட்டால், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்று பள்ளிவாசலில் அறிவிக்கிறார்கள். துக்கம் விசாரிக்க வருவோரும், 'அடக்கமான பெண்மணி. வாசற்படி தாண்டி அறியாதவர்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர் தம் கரத்தால் என்ன செய்தார் என்று கேட்பாரில்லை. மறைந்த பெண்ணை நினைவுகூரும் முறை இதுதானா?

அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நினைவுகூர்ந்த விதத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இருவரும் பெருமானார் (ஸல்) அவர்களின் துணைவியர். இருவருக்குமிடையே வாக்குவாதமும் நிகழ்ந்ததுண்டு. இருந்தும், மார்க்கப் பற்றிலும் இறையச்சத்திலும், உண்மை பேசுவதிலும், உறவினரை ஆதரிப்பதிலும், தான தருமத்திலும் ஸைனபை விஞ்சிய பெண்ணைத் தாம் கண்டதில்லை என்று ஆயிஷா நாயகி சான்று பகர்ந்தார்கள். அவர்களுக்குச் சட்டென்று கோபம் வரும், வந்த வேகத்திலேயே தணிந்துவிடும் என்பதையும் உடன் சொன்னார்கள். (இதைக் காட்டி, மறைந்தோரின் குறைகளைத் தோண்டத் தொடங்கிவிடாதீர்கள், அதற்கு மார்க்கத்தில் இடமில்லை.)

தம் துணைவியருள் நீண்ட கரமுடையவரே தம்மை முதலில் வந்தடைவார் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் முன்பே கூறியிருந்தார்கள். அன்னையர் தத்தம் கரங்களை அளந்தும் பார்த்தார்கள்! உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 20-ஆம் ஆண்டு, உருவத்தில் குள்ளமான ஸைனப் நாயகி முதலில் மறைந்தபோதுதான், கரத்தின் நீளமென்பது கொடையைக் குறித்தது என விளங்கிற்று. தோலைப் பதனிட்டுத் தைத்து, தம் உழைப்பால் வந்ததையே அவர்கள் இறைவழியில் ஈந்து வந்தார்கள். கலீஃபா அனுப்பிய 12,000 திர்ஹங்களையோ, ஒரு துணியால் மூடச் செய்து, அருகிலிருந்த பெண்ணைக் கொண்டு பிடிபிடியாக அள்ளி உறவினருக்கும் அநாதைகளுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

பத்தமடையில் கோரைப்பாய் நெய்த கரங்களும், மேலப்பாளையத்தில் பீடி சுற்றிய கரங்களும் நம்மவர் கரங்களன்றோ? பெண் ஈட்டியது பெண்ணுக்கே உரியது என்பது திருமறையின் தீர்ப்பு. அந்தக் கூலியிலிருந்து அண்டைவீட்டு விதவைக்கு அரிசியும், ஏழைப் பிள்ளைக்கு ஓதும் செலவும் போய்க்கொண்டிருந்திருக்கும். அவர் கண்மூடிய மாதமே அது நின்றுபோகும். நாமோ நாற்பதாம் நாள் விருந்துக்கு எத்தனை ஆடு என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்போம்!

ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்கள் வெளியூர் சென்றிருந்த வேளையில் தாயார் மறைந்தார்கள். தாயாருக்காகத் தருமம் செய்தால் அது அவர்களுக்குப் பயன் தருமா என்று பெருமானாரிடம் கேட்டு, ஆம் என்ற விடை பெற்றதும், தம் தோட்டத்தையே தருமமாக்கினார்கள்.

இனி ஒரு வீட்டிற்குத் துக்கம் விசாரிக்கச் சென்றால், அந்த அம்மையார் யார் யாருக்கு என்ன கொடுத்து வந்தார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதையும் வீட்டுப் பெண்கள் வழியே கேட்டறியுங்கள். ஆண்களுக்குப் பெரும்பாலும் தெரிந்திராது.