ஜெனரல் சோ சிக்கனும் ஒரு சிட்டிகை சிவப்புப் பொடியும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்துக்கு ஜி.என்.டி. சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள். வரிசையாகத் தள்ளுவண்டிகள். சிக்கன் 65, சில்லி சிக்கன், கோபி மஞ்சூரியன் என்று பெயர்தான் வேறு வேறு. நிறம் பெரும்பாலும் ஒன்றே, டிராஃபிக் சிக்னல் சிவப்பு. சிக்னலில் சிவப்பு விழுந்தால் 'நில்' என்று அர்த்தம். தள்ளுவண்டியில் மட்டும் 'வா' என்று அர்த்தம்!

கடைக்காரரைத் திட்டுவது சுலபம். அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் வீட்டு அடுப்படிக்கு வருவோம். சைனீஸ் சிக்கனை வீட்டில் செய்கிறவர்களைச் சுற்றி இரண்டு கோஷ்டி இருக்கிறது. ஒன்று, "கடை மாதிரியே வரணும்" கோஷ்டி. மளிகைக் கடையில் சிவப்புப் பொடி டப்பா வாங்கி வந்து ஒரு சிட்டிகை போட்டால்தான் இவர்களுக்குத் திருப்தி. இன்னொன்று, "இதெல்லாம் சீனாவிலேயே கிடையாதுப்பா, டூப்ளிகேட்" கோஷ்டி. ஒன்றையும் சமைக்காமல் சமைப்பவரைக் கிண்டல் செய்வது இவர்கள் வேலை. இரண்டு பேரும் செய்வது ஒரே தப்பு. எங்கேயோ ஓர் 'ஒரிஜினல்' இருப்பதாக நம்புகிறார்கள்.

அப்படி ஒன்று கிடையாது ஐயா!

அமெரிக்காவின் சைனீஸ் ஹோட்டல்களில் சக்கைப்போடு போடும் ஜெனரல் சோ சிக்கனையே எடுத்துக்கொள்ளுங்கள். சோ என்பவர் சீனாவின் ஹுனான் மாகாணத்துத் தளபதி. 1885-லேயே இறந்துவிட்டார். அவர் பெயரில் இந்தப் பண்டத்தை உண்டாக்கியவர் பெங் சாங்-குய் என்ற சமையல்காரர். அவரும் ஹுனான்காரர்தான். 1949-ல் தைவானுக்குப் போனவர், 1950-களில் அங்கே இதைச் செய்தார். அப்போது அதில் இனிப்பே இல்லை. 1970-களில் நியூயார்க் போன பிறகுதான் மொறுமொறு மாவும் சர்க்கரையும் ஏறின. தளபதி தன் பெயரிலுள்ள கோழியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை!

நம்ம ஊர்க் கதையும் அதேதான். சிக்கன் மஞ்சூரியனைக் கண்டுபிடித்தவர் கல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிக்காரர் நெல்சன் வாங். இடம் மும்பை கிரிக்கெட் கிளப், வருஷம் 1975. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸை ஊற்றினார். மஞ்சூரியாவுக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. சிக்கன் 65-க்குச் சென்னை புகாரி ஹோட்டல் 1965 என்று வருஷம் சொல்கிறது. எல்லாமே யாரோ ஒருவர் கையில் கிடைத்ததை வைத்துச் செய்து பார்த்தவை.

ஆக, காப்பியடிக்க ஒரிஜினலே இல்லாதபோது கடையின் சிவப்பை மட்டும் ஏன் காப்பியடிக்க வேண்டும்?

எந்தப் பண்டத்தில் செயற்கை நிறம் சேர்க்கலாம், எவ்வளவு சேர்க்கலாம் என்று நம் உணவுப் பாதுகாப்பு விதிகளில் பட்டியலே இருக்கிறது. கோழி வறுவல் அதில் இல்லை. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு 171 கோபி மஞ்சூரியன் மாதிரிகளைச் சோதித்தபோது 107-ல் பாதுகாப்பற்ற நிறங்கள் இருந்தன. உடனே கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறத்துக்குத் தடை வந்தது. ஜூனில் கபாப்களுக்கும் அதே தடை. தமிழ்நாட்டில் அதே வருஷம் பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய் தடை செய்யப்பட்டது நினைவிருக்கும். காரணம் ரோடமின்-பி, துணிக்குப் போடுகிற சாயம். பஞ்சுமிட்டாயைப் பார்த்துப் பதறிய வீட்டில்தான் ஞாயிற்றுக்கிழமை சிக்கனுக்குச் சிவப்புப் பொடி டப்பா திறக்கிறது.

இதில் வேடிக்கை அஜினமோட்டோ. பெயரைச் சொன்னாலே அலறுவார்கள். தக்காளியில் இயற்கையாகவே இருக்கும் குளுட்டமேட்தான் அதிலும் இருக்கிறது. வழக்கமான அளவில் ஆபத்தில்லை என்பதுதான் உணவுக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் முடிவு. பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறெதற்கோ பயப்படுவது நமக்குப் பழகிப்போனது.

சரி, பொடி இல்லாமல் எப்படி? அரைக் கிலோ எலும்பில்லாத தொடைக்கறி. உப்பு, மிளகு, இஞ்சி பூண்டு விழுது, ஒரு முட்டை, நாலு ஸ்பூன் சோளமாவு, இரண்டு ஸ்பூன் மைதா. நிறம் வேண்டுமா, காஷ்மீரி மிளகாய்த்தூள் போதும். மிதமான சூட்டில் ஒருமுறை பொரித்து எடுத்து ஆறவிடுங்கள். உள்ளேயிருக்கும் ஈரம் வெளியே வந்து மாவை நமுக்கச் செய்யும். அதனால் நல்ல சூட்டில் ஒரு நிமிஷம் மறுபடி பொரிக்க வேண்டும். மொறுமொறுப்பின் ரகசியம் இந்த இரண்டாவது பொரிப்பு. தனியாகக் காய்ந்த மிளகாய், பூண்டு வதக்கி, இரண்டு ஸ்பூன் சோயா சாஸ், ஒரு ஸ்பூன் வினிகர், இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்த ஒரு ஸ்பூன் சோளமாவு. சோயாவிலேயே உப்பு உண்டு, ஜாக்கிரதை. கெட்டியானதும் கோழியைப் புரட்டி உடனே சாப்பிட்டுவிட வேண்டும். ஒரே அடுப்புள்ள அறையில் நாலு பேர் தங்கியிருந்தாலும் இது நடக்கும்.

கடையில் வருவது பழுப்புச் சிவப்பு இல்லை, வீட்டில் வருவது அதுதான். ருசி சோயாவிலும் பூண்டிலும் மிளகாயிலும் இருக்கிறது. அந்தப் பொடிக்கு ருசியே கிடையாது!

இப்போது கடைக்காரர். அவர் பொடி போடுவது தப்பு, சந்தேகமில்லை. ஆனால் பழுப்பாக ஒரு தட்டு நீட்டினால் "என்னண்ணே, பழசா?" என்று கேட்பது யார்? காமர்ஸ் முதல் வருஷப் பாடம்தான், கேட்பவன் இருக்கும்வரை சரக்கு வரும். கும்மிடிப்பூண்டியில் எட்டு மணி நேரம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டுப் பசியோடு வருகிறவன் கோழிக்குத்தான் காசு கொடுக்கிறான், சாயத்துக்கு இல்லை. அதை அவன் கேட்க ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் நம் வீட்டு அலமாரியிலிருக்கும் டப்பா குப்பைத்தொட்டிக்குப் போகட்டும்.