மூன்று சிவப்பு விளக்குகள்

சில ஆண்டுகளுக்கு முன், பெரம்பலூரில் பழுதுநீக்கும் கடையொன்றில் நின்றிருந்தேன். அரியலூரிலிருந்து அக்காள் மகன் தன் வீடியோ கேம் பெட்டியை மூன்றாம் முறையாகக் கொண்டுவந்திருந்தான். அது எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே வேண்டாம். கடைக்காரர் அதைத் திறவாமலே, "உங்க ஊரு சிமெண்டுத் தூசி தம்பி, எந்த மெஷின்தான் தாங்கும்?" என்றார். அரியலூர்க்காரன் தூசியைத் தாங்குவான். இந்தச் சொல்லைத் தாங்கமாட்டான்.

சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் ஊரில் தூசி உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் முதல்முறை வோல்டேஜ் என்றார், இரண்டாம் முறை வெயில் என்றார், இப்போது தூசி. சிகிச்சையோ ஒன்றுதான்: போர்டின்மீது ஹாட் ஏர் பாய்ச்சுவது. நோயின் பெயர் மாறிக்கொண்டே இருக்க மருந்து மட்டும் மாறாதிருந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது.

இவ்வகைப் பழுதுகளில் உலகப்புகழ் பெற்றது எக்ஸ்பாக்ஸ் 360. 2005 நவம்பரில் அமெரிக்காவில் வெளியாகி 2006இல் இந்தியாவுக்கு வந்தது. அதன் முகப்பு வளையத்தில் நான்கு பகுதிகளும் சிவந்தால் தொலைக்காட்சிக்குப் போகும் கம்பி சரியாகச் செருகப்படவில்லை என்று பொருள். இரண்டு சிவந்தால் மிகுவெப்பம். மூன்று சிவந்தால் உள்ளே வன்பொருள் கோளாறு. அதாவது வெயிலையும் கோளாறையும் இயந்திரமே வேறுபடுத்திச் சொன்னது, கேட்கத்தான் ஆளில்லை. மூன்று சிவந்த பெட்டிகள் பெருகவே, 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோளாறுக்கு மட்டும் உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீட்டித்து, நூறு கோடி டாலருக்கும் அதிகமான தொகையைச் செலவுக் கணக்கில் எழுதியது. காரணத்தை மட்டும் விளக்கவில்லை. 2021இல் அந்நிறுவனமே எடுத்த 'பவர் ஆன்' ஆவணப்படத்தில்தான் அதன் பொறியாளர் வெளிப்படையாகச் சொன்னார்: அணைத்து அணைத்துப் போடுகையில் பாகங்கள் சூடாகிக் குளிர்கின்றன, அந்த ஏற்ற இறக்கத்தில் சில பாகங்களுக்குள் இருக்கும் இணைப்புகள் முறிகின்றன. (அதே ஆண்டு சிவப்பு வளையத்தைச் சுவரொட்டியாக அச்சிட்டு விற்கவும் செய்தார்கள். அந்த மனதிடம் நமக்கு வராது.)

சிலிக்கான் சூட்டில் குறைவாக விரியும், அதைத் தாங்கும் பலகை மிகுதியாக விரியும். இடையில் அகப்பட்ட சால்டர் உருண்டை ஒவ்வொரு முறையும் இழுபட்டு ஒருநாள் விரிசல் விடும். ஹாட் ஏர் பாய்ச்சினால் விரிசல் தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும். பெட்டியைத் துண்டால் சுற்றிச் சூடேற்றிய அமெரிக்கப் பையன்களின் வைத்தியமும் இதுவே. சில நாள் ஓடும், பிறகு விட்டுப்போகும். ஒட்டிய இடம் விட்டுப்போவது எங்களுக்குப் புதிதன்று: அரியலூர் மாவட்டமே 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, 2002இல் சேர்ந்து, 2007இல் மறுபடி பிரிந்ததுதான்.

அணைத்துப் போடுவதே ஒரு பெட்டியைக் கொல்லுமென்றால், 2012இன் மின்வெட்டை எண்ணிப் பாருங்கள். சென்னைக்கு வெளியே ஒரு மணி நேரம் மின்சாரம், ஒரு மணி நேரம் இருட்டு என்று கழிந்த நாட்கள் அவை. பையன் தொடாமலே பெட்டி நாளைக்குப் பலமுறை சூடாகிக் குளிர்ந்திருக்கும். இதை அவன் குற்றமென்பதா, ஊரின் குற்றமென்பதா? மின்சாரம் போய்வரும் ஊர்களிலும் பெட்டியை விற்பவர், அது போய்வருவதைத் தாங்கும்படி செய்திருக்க வேண்டும் என்பேன்.

கடைக்காரர்மீது எனக்குக் கோபமில்லை. கோளாறு எங்கே என்று செய்தவர் சொல்லாதவரை அவரிடம் இருப்பது ஹாட் ஏரும் அனுமானமும்தான். பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் இணையவாயில் ஒன்றைத் திறந்தது. கையேடுகளோடு, அறியப்பட்ட வடிவமைப்புக் குறைகளையும் நிறுவனங்கள் அங்கே எழுதிவைக்கும்படி செய்தால் பெரம்பலூர்க் கடைக்கும் பயன்படும். ஆனால் இது நிற்காது என்று தெரிந்தபின்னும் சொல்லாமல் மூன்றாம் முறையும் காசு வாங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

"இந்தத் தடவை எத்தனை நாள் ஓடும்ணே?" என்று பையன் கேட்டான். கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு மாசம். அதுக்கு மேல சொல்ல முடியாது தம்பி." அவன் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டான். அரியலூர்ப் பேருந்து நின்றிருந்தது.