இடம் கெடைச்சிருச்சு, காசு?



பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் படித்த சாதி வீடுகளில் ஒரு கணக்கு நடக்கிறது. எந்தக் காலேஜ், எந்தப் படிப்பு, எவ்வளவு செலவாகும், யாரைப் பார்க்கலாம் என்று. அங்கே அப்பன் படித்தவன், தாத்தன் படித்தவன். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் ஆத்தாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. வீட்டிலேயே முதல் ஆளாகக் காலேஜ் படியேறப் போகிற அவள் பிள்ளைக்கு அதை யார் போட்டுத் தருவது? உங்களைப் பார்த்துத்தான் கேட்கிறேன்.

1820 வாக்கில் காக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டம் வந்தது, கூலி வந்தது. 1917இல் மான்ட்ஃபோர்ட் பள்ளி வந்தது. வசதியானவர்களின் பிள்ளைகள் படிப்பதற்காக மலையேறி வருகிறார்கள். மலையில் பிறந்த நம் பிள்ளைகளோ படிப்பதற்காக இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போகவேண்டும்.

கணக்கில் இரண்டு பகுதி உண்டு. முதலாவது இடம். பட்டியல் சாதிக்கு 18 சதவீதம். அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3. பழங்குடிக்கு 1. ‘நமக்கு இவ்வளவுதான்’ என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். பொதுப்பிரிவு 31 சதவீதமும் நமக்குத் திறந்ததுதான். மார்க்கு இருந்தால் அதில்தான் முதலில் போடவேண்டும், இடஒதுக்கீட்டில் கழிக்கக் கூடாது. என்ஜினீயரிங் என்றால் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்-ஆஃப். போன வருசம் எந்தக் காலேஜில் எந்தப் பிரிவுக்கு எத்தனையில் முடிந்தது என்பது வெளியிடப்படுகிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு, கட்டணத்தை அரசே கட்டும். இதையெல்லாம் ஒரு சாயங்காலத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். சான்றிதழ்தான் சீக்கிரம் கைக்கு வராது. பட்டியல் சாதிக்குத் தாசில்தார் தருவார். மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்குக் கோட்டாட்சியர் தரவேண்டும். ரிசல்ட் வந்தபிறகு அலைந்தால் இடம் போய்விடும்.

இரண்டாவது, காசு. இங்கேதான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள். வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆனால் பட்டியல் சாதி மாணவர் பி.ஏ., பி.எஸ்ஸி. சேர்ந்தால் படிகளாக வருவது விடுதியில் இருப்பவருக்கு வருசத்துக்கு 6,000, வீட்டிலிருந்து போய்வருபவருக்கு 3,000. மாசம் 250 ரூபாய்! அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாசம் 1,000. எல்லாம் சேர்ந்தாலும் உடனே வருவதில்லை. சேர்க்கை ஒரு மாசத்தில், உதவி பல மாசம் கழித்து. அதுவரை சோறு, பஸ், புத்தகம், ரூம் வாடகை? அந்த இடைவெளியில்தான் கந்துவட்டிக்காரன் நுழைகிறான்.

ஏஜென்டும் நுழைகிறான். ‘எல்லாம் ஃப்ரீ’ என்று கூட்டிப்போய் மேனேஜ்மென்ட் கோட்டாவில் தள்ளிவிடுவான். 2018 விதிகளின்படி அந்த இடத்துக்கு உதவித்தொகை கிடையாது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எந்தக் கோட்டா என்று கேளுங்கள்.

நான் வங்கிக் குமாஸ்தா. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். கல்விக்கடனில் நான்கு லட்சம் வரை கைக்காசு போடவேண்டியதில்லை. கடன் உத்தரவாதத் திட்டத்தில் ஏழரை லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக்கூடாது. ஆனால் தோட்டக் கூலியின் மகள் வந்து நின்றால் முதல் கேள்வியே ‘சொத்து இருக்காம்மா?’ தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறாள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

உத்தரப்பிரதேசத்து தலித் இளைஞர் அதுல் குமார் 2024இல் தன்பாத் ஐஐடியில் இடம் வாங்கினார். அப்பா தினக்கூலி. 17,500 ரூபாயைத் திரட்டி முடிப்பதற்குள் கெடு நேரம் முடிந்துபோனது. ஜார்கண்ட், சென்னை என்று அலைந்து, கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்சநீதிமன்றம்தான் அவரைச் சேர்க்கச் சொன்னது. 17,500 ரூபாய்க்கு உச்சநீதிமன்றம்! வழக்குப் போட முடியாமல் தோட்டத்துக்கே திரும்பிப் போகிறவர்களை யார் எண்ணுகிறார்கள்?

2025இல் பக்கத்துக் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பழங்குடி மாணவி சென்னை ஐஐடிக்குப் போனார். முதலமைச்சர் பாராட்டினார், செலவை அரசு ஏற்றது. மகிழ்ச்சி. சேலத்தில் பி.ஏ. சேரும் பிள்ளையின் பஸ் காசை யார் ஏற்பது?

இது அண்ணலுக்கே நேர்ந்ததுதான். 1916இல் லண்டனில் சேர்ந்தவர், பரோடா உதவித்தொகையின் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். சேமித்தும், சாகுவின் உதவியோடும், நண்பரிடம் கடன் வாங்கியும் 1920இல் மறுபடி போனார். அந்த வலி தெரிந்தவர்தான் 1942இல் வைஸ்ராயிடம் நம் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கேட்டார். 1944இல் திட்டம் தொடங்கியது. இன்றைக்கு நாம் வாங்குவது அதன் தொடர்ச்சி. அது பிச்சையில்லை, உரிமை. உரிமை என்றால் நேரத்துக்கு வரவேண்டாமா?

உதவித்தொகையின் முதல் தவணை சேர்க்கையன்றே பிள்ளை கணக்கில் விழவேண்டும். இது அரசிடம் நம் கோரிக்கை. அதுவரை சும்மா இருக்க முடியாது. பிப்ரவரியிலேயே மலைக் கிராமங்களுக்குப் போவோம். யாருக்குச் சான்றிதழ் இல்லை, யாருக்கு வங்கிக் கணக்கு இல்லை என்று வீடுவீடாக எழுதுவோம். சம்பளம் வாங்குகிற தோழர்கள் மாசம் நூறு ரூபாய் போட்டு முதல் மூன்று மாசச் செலவுக்குக் கைமாற்று நிதி வைப்போம், உதவித்தொகை வந்ததும் பிள்ளைகள் திருப்பிப் போடட்டும். அடுத்த வருசப் பிள்ளைக்கு அது ஆகும். வங்கிக்குப் போகும் பிள்ளையோடு ஒரு தோழர் கூடப் போவோம்.

கூட்டத்தில் ‘கற்பி’ என்று முழங்கிவிட்டு வீட்டுக்குப் போனால் போதாது தோழர்களே. கற்பதற்குப் பஸ் ஏற்றிவிடுவதும் நம் வேலைதான்.