ஏவியவர் யார் என்று கேட்பவர்களுக்கு

சென்ற வாரம் ஒரு கருத்தரங்கில், இமயமலைச் சிற்றூர் ஒன்றின் சூழல் அமைப்பைப் பற்றி ஆய்வு மாணவி ஒருவர் கட்டுரை படித்தார். படித்து முடித்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர் எழுப்பிய முதல் வினா: "இவர்களுக்குப் பின்னால் இருப்பவர் யார்?" அவ்வினா அவையில் எவருக்கும் உறுத்தவில்லை. எனக்கு உறுத்தியது, ஆயினும் நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்திற்குக் கழுவாயாகவே இந்த நீண்ட பதிவு.

மூன்றாம் வேற்றுமைக்குக் கருவிப் பொருளும் உண்டு, கருத்தாப் பொருளும் உண்டு என்று பள்ளியில் படித்திருப்போம். கருத்தாவும் இருவகை. தச்சனால் கட்டப்பட்ட கோயில் என்னும்போது தச்சன் இயற்றுதற் கருத்தா. அரசனால் கட்டப்பட்ட கோயில் என்னும்போது அரசன் ஏவுதற் கருத்தா. சிற்றூர்களின் சூழல் அமைப்புகளைப் பற்றி நம் கல்விப்புலம் எழுதும் வாக்கியங்களைப் பிரித்துப் பாருங்கள். அவ்வூரார் பெரும்பாலும் நான்காம் வேற்றுமை ஏற்ற 'பயனாளிகள்', இல்லையேல் 'தகவலாளிகள்'. தலைமையேற்றுச் செயல்பட்டாலோ, உடனே அவர்களைக் கருவியாக்கிவிட்டு ஏவியவரைத் தேடத் தொடங்குகிறோம்.

இது கருத்தரங்க அறையோடு முடியும் வழக்கமாயின் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் பாறையும் பனியும் சரிந்து பெருவெள்ளம் எழுந்தது. ரைணி ஊரை ஒட்டியிருந்த ரிஷிகங்கா நீர்மின் நிலையம் அழிந்தது. 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அந்த நீர்மின் திட்டப் பணிகளில் வெடி வைப்பதையும் கழிவு கொட்டுவதையும் எதிர்த்து ரைணியைச் சேர்ந்த ஒருவர் 2019இலேயே உயர்நீதிமன்றம் சென்றிருந்தார். வெள்ளத்திற்குப் பின் ரைணி, ஜோஷிமட் பகுதிகளைச் சேர்ந்த ஐவர் அங்குள்ள நீர்மின் திட்டங்களுக்கு எதிராக மீண்டும் முறையிட்டனர். 2021 ஜூலையில் அம்மனு தள்ளுபடியானது. தாம் சமூகச் செயற்பாட்டாளர்கள் என்பதற்கு அவர்கள் சான்று காட்டவில்லை என்றும், யாரோ ஒருவர் ஆட்டுவிக்கும் பொம்மைகள் அவர்கள் என்றும் கூறிய நீதிமன்றம், ஒவ்வொருவருக்கும் 10,000 ரூபாய் விதித்தது. பேராசிரியரின் வினாவே அங்குத் தீர்ப்பாகி, தண்டத் தொகையும் பெற்றது.

எந்த ஊராரிடம் சான்று கேட்கப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். அதே மாவட்டத்தில், கோபேஷ்வரில், 1964இல் தசோலி கிராம சுவராஜ்ய சங்கம் தோன்றியது. சண்டி பிரசாத் பட்டும் அவர்தம் தோழர்களும் உள்ளூர் உழைப்பாளருக்கு வேலை தேடித் தொடங்கிய சிறு அமைப்பு அது. 1970இன் அலக்நந்தா வெள்ளத்தில் துயர்துடைப்புப் பணியில் இறங்கியவர்கள், மேல்மலைக் காடழிப்புக்கும் வெள்ளத்திற்கும் உள்ள தொடர்பைத் தம் கண்ணாலும் காலாலும் கண்டறிந்தனர். உழவுக் கருவிகள் செய்யச் சில மரங்கள் கேட்டபோது வனத்துறை மறுத்தது. அம்மரங்களையே விளையாட்டுப் பொருள் நிறுவனம் ஒன்றுக்கு ஒதுக்கியது. 1973இல் மண்டல் காட்டில் சிப்கோ பிறந்தது இவ்வாறுதான்.

1974 மார்ச் 26 அன்று ரைணியில் ஆண்கள் இழப்பீட்டுத் தொகை வாங்க வெளியூர் சென்றிருந்தனர். வெட்டுவோர் வந்தபோது மகளிர் மங்கள் தளத்தின் தலைவி கௌரா தேவி, முப்பதுக்கும் குறைவான பெண்களையும் சிறுமியரையும் அழைத்துக்கொண்டு காட்டுக்குச் சென்று மறித்தார். பள்ளி சென்றறியாதவர், இளமையிலேயே கணவரை இழந்தவர். அன்று அவரை ஏவ ஊரில் எவரும் இல்லை. அதன்பின் தாவரவியலார் ஒருவர் தலைமையில் அமைந்த அரசுக் குழு அவர்கள் கூற்றை ஏற்றது; சுமார் 1,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் மரம் வெட்டப் பத்தாண்டுத் தடை வந்தது. உண்மை ஊரிலிருந்து அறிஞர்களுக்குச் சென்றது. நம் பாடநூல்களில் அம்புக்குறி எதிர்த்திசையில் செல்கிறது.

சிப்கோவைப் பற்றி நாம் என்ன செய்தோம்? பெண்மைக்கும் இயற்கைக்கும் உள்ள உறவின் வெளிப்பாடு என்றார் ஒருவர். நூற்றாண்டுக்கால உழவர் எதிர்ப்பின் தொடர்ச்சி என்றார் மற்றொருவர். காந்திய அறநெறியின் வெற்றி என்றார் வேறொருவர். ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஆயினும் ஒவ்வொன்றிலும் ஒரு கோட்பாடு அரசனாக வந்து அமர்கிறது. தச்சர் அடிக்குறிப்புக்குள் போகிறார். 1982இல் நந்தாதேவி தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது, காட்டைக் காத்த அவ்வூரார்க்கே மேய்ச்சலும் காட்டுப் பொருளும் மறுக்கப்பட்டன. காத்தவர் பெயர் எழுவாயாக நிலைபெறாத இடத்தில், காவலுரிமை வேறொருவர் கைக்குப் போவதில் வியப்பில்லை.

"உள்ளூர்த் தலைமை என்றாலே புனிதமா? அங்கும் சாதியும் ஆணாதிக்கமும் இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. 1980இல் டூங்ரி-பைந்தோலியில் கருவாலிக் காட்டைக் கொடுக்க ஆண்களின் ஊர் அவை இசைந்தது. பெண்கள் அதனை எதிர்த்து நின்றனர். அச்சிக்கலே என் வாதத்துக்கு வலு. தமக்குள் முரண்படுவோர், தவறு செய்வோர், முடிவை மாற்றிக்கொள்வோர் பொம்மைகளாக இருக்க இயலாது. அவர்களை விமர்சியுங்கள், விமர்சிக்கத்தக்க கருத்தாக்களாக முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். நிதி எங்கிருந்து வருகிறது என்று கேட்பதும் முறையே. அதே வினாவை நம் ஆய்வு உதவித்தொகையிடமும் கேட்போமாயின் அது நேர்மை.

சக ஆய்வாளர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: 'பதிலளிப்பவர், பெண், வயது 52' என்று எழுதுமுன், பெயர் வெளியிடலாமா என்று அவரையே கேளுங்கள். மறைப்பு சிலருக்குப் பாதுகாப்பு. தலைமை தாங்கியவருக்கு அது களவாகவும் அமையலாம். இரண்டு: அவ்வமைப்பின் தீர்மானப் பதிவேடும், மனுவும், கணக்கெடுப்பும் நன்றியுரைக்குரியவை அல்ல, மேற்கோள் பட்டியலுக்குரியவை. மூன்று: ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் அதன் சாரத்தை அவர்கள் மொழியில் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள், மறுப்பிருந்தால் அதையும் அச்சிடுங்கள்.

அந்த ஆய்வு மாணவியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அன்று அவர் சொன்ன மறுமொழி ஒன்றே: "அவர்களுக்குப் பின்னால் மலை இருக்கிறது, ஐயா." அவை சிரித்தது. சிரித்தவர்களுள் நானும் ஒருவன்.