நம் பேச்சு நம் சர்வரில்

2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸ்அப் சுமார் 6 மணி நேரம் ஸ்தம்பித்தது. ஒரு கம்பெனிக்குள் நேர்ந்த பிழை, உலகெங்கும் கோடானுகோடி மக்களின் வாயை அடைத்தது. ஏகபோகத்தின் விளைவு இது!

மாற்று வழி உண்டு. 2014-ல் தோன்றிய மேட்ரிக்ஸ் முறையில், ஊருக்கோர் தபாலாபீஸ் போல, அவரவர் சொந்த சர்வர் வைத்துக்கொண்டு மற்ற சர்வர்களோடும் பேசலாம். பிரெஞ்சு சர்க்காரே 2019-ல் தன் ஊழியர்களுக்கு இம்முறையை ஏற்றது.

மேடவாக்கத்திலும் பெரும்பாக்கத்திலும் வாழும் கம்ப்யூட்டர் ஊழியர்கள் பகலெல்லாம் பிறர் சர்வர்களைப் பராமரிக்கின்றனர். அவர்களுடைய சங்கத்தின் பேச்சு மட்டும் அந்நியக் கம்பெனியின் சர்வரில் ஓடுவானேன்?

சர்வர் அமைப்போர் மூன்று காரியங்களில் அலட்சியம் காட்டலாகாது. டொமைன் பெயரைக் கூடி ஆலோசித்து முடிவு செய்க. பின்னர் மாற்ற இயலாது. எவரும் தாமே பதிவு செய்துகொள்ளும் கதவை மூடி வைக்க, விஷமிகள் புகுவர். டேட்டாபேசுக்கும் சர்வரின் சாவிக்கும் வேறிடத்தில் நகல் வைக்க.

செய்தியைப் பூட்டி அனுப்பினாலும், யார் யாருடன் எப்போது பேசினார் என்பது சர்வரில் பதியும். எனவே, கம்பெனியின் ஏகபோகத்தை நீக்கித் தனிநபர் ஏகபோகத்தை அமர்த்திவிடக் கூடாது. நிர்வாகத்தைச் சங்கம் தேர்ந்தெடுக்கும் இருவரிடம் ஒப்படைப்போம். செலவைச் சந்தாவில் பகிர்வோம். பொதுக்குழுவில் கணக்குக் கேட்போம்.