தயானிதா சிங்கின் நூல்கள் பின்னிணைப்பு அல்ல

சென்ற மாதம் எனது ஆய்வேட்டின் மூன்றாம் இயல் மீளாய்வுக் குழுவின் முன் வைக்கப்பட்டது. ஒளிப்படக் கலைஞர் தயானிதா சிங்கின் நூல்களைப் பற்றிய இயல் அது. குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் இரண்டு திருத்தங்களைச் சொன்னார். கலைஞரின் கண்காட்சிகளையும் விருதுகளையும் ஆண்டுவாரியாகப் பட்டியலிட்டு இயலின் தொடக்கத்தில் சேர்க்க வேண்டும் என்பது ஒன்று. நூல்களைப் பற்றிய பகுதியைப் 'பிற வெளியீடுகள்' என்ற தலைப்பில் பின்னிணைப்புக்கு மாற்ற வேண்டும் என்பது மற்றொன்று. நான் மறுத்தேன். மறுப்பதற்கான காரணத்தை எனக்கு ஒதுக்கப்பட்ட பத்து நிமிடங்களில் சொல்லி முடிக்க இயலவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னது நம் கலைக்கல்வியில் நெடுங்காலமாக ஊறிப்போன ஒரு பழக்கம். என் வழக்கு அந்தப் பழக்கத்தோடுதான்.

முதலில், கேட்கப்பட்ட பட்டியலைத் தந்துவிடுகிறேன். 1961இல் புது தில்லியில் பிறந்தவர். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் நியூயார்க்கின் சர்வதேச ஒளிப்பட மையத்திலும் பயின்றவர். 2008இல் பிரின்ஸ் கிளாஸ் விருது. 2013இல் வெனிஸ் ஈராண்டுக் கலைவிழாவின் ஜெர்மனி அரங்கில் ஐ வெய்வெய் உள்ளிட்ட மூவருடன் பங்கேற்பு. அதே ஆண்டு லண்டன் ஹேவர்ட் காட்சிக்கூடத்தில் தனிக்கண்காட்சி. 2017இல் 'மியூசியம் பவன்' நூலுக்குப் பாரிஸ் ஃபோட்டோ, அப்பர்ச்சர் ஆகிய அமைப்புகள் இணைந்து வழங்கும் ஆண்டின் சிறந்த ஒளிப்பட நூல் விருது. 2022இல் பெர்லின் குரோபியஸ் பாவ் அரங்கில் பெருங்கண்காட்சி. அதே ஆண்டு ஹாசல்பிளாட் விருது. தெற்காசியாவிலிருந்து அதைப் பெற்ற முதல் கலைஞர் இவரே.

இதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் இதைப் படித்து முடித்தவருக்கு இவர் என்ன செய்தார் என்பது தெரியுமா? எதைப் பார்த்தார், யாரோடு பழகினார், படங்களை ஏன் அவ்வாறு அடுக்கினார் என்ற கேள்விகளில் ஒன்றுக்கேனும் இந்தப் பட்டியலில் விடை உண்டா? பெயரை மாற்றிவிட்டால் இதே பட்டியல் வேறொரு கலைஞருக்கும் ஏறக்குறையப் பொருந்திவிடும். யாருக்கும் பொருந்தும் ஒன்றை ஓர் ஆய்வு இயலின் வாயிலில் நிறுத்தி வைப்பதால் என்ன பயன்?

இனி நூல்களுக்கு வருவோம். இவருடைய பயணமே ஒரு நூலில்தான் தொடங்குகிறது. மாணவியாக இருந்தபோது தபலா மேதை ஜாகிர் உசேனுடன் பயணம் செய்து எடுத்த படங்கள் 1986இல் நூலாயின. அதற்காகக் கையால் ஒட்டி உருவாக்கிய மாதிரிப் படியை 2019இல் ஜெர்மனியின் ஸ்டெய்டில் பதிப்பகம் அவ்வாறே அச்சிட்டு வெளியிட்டது. மாணவப் பருவத்துப் பயிற்சி ஏட்டையும் படைப்பாகக் கருதி உலகின் முன் வைத்த கலைஞர் இவர். அவருடைய நூல்களைத்தான் நாம் 'பிற' என்கிறோம்.

2001இல் 'மைசெல்ஃப் மோனா அகமது' வெளிவந்தது. ஹிஜ்ரா சமூகத்தில் வாழ்ந்து, அதிலிருந்தும் விலக்கப்பட்டு, தில்லியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் வாழ்ந்தவர் மோனா. இருவருடைய நட்பும் பல்லாண்டுகள் நீடித்தது. அந்நூலின் உரைப்பகுதி மோனா பதிப்பாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்களால் ஆனது. படம் எடுக்கப்பட்டவர் தம் வாழ்வைத் தாமே சொல்கிறார் என்பதே அந்நூலின் அடிப்படை. விளிம்பில் வாழ்பவர்களைப் படமெடுத்துப் பெயர் பெற்றவர்கள் நம் நாட்டில் பலர். அவர்களுள் எத்தனை பேர் படத்தில் இருப்பவருக்குப் பேசும் இடம் தந்தார்கள்? இது ஒளிப்படக் கலையின் அறம் சார்ந்த கேள்வி. 'வெளியீடுகள், 2001' என்று ஒரே வரியில் எழுதினால் அந்தக் கேள்வி மறைந்துபோகும். அதனோடு மோனாவும் மறைந்துபோவார். 2017இல் அவர் காலமானார். நம் பட்டியல்களில் அவருக்கு எந்தக் கட்டமும் இல்லை.

2008இல் வந்த 'சென்ட் எ லெட்டர்' ஒரு சிறு பெட்டிக்குள் ஏழு விசிறி மடிப்புக் குறுநூல்களைக் கொண்டது. அவற்றுள் ஒன்றின் பெயர் பத்மநாபபுரம். நம் குமரி மாவட்டத்து அரண்மனை அங்கே இருக்கிறது என்பதை அறிந்த தமிழ்க் கலை மாணவர்கள் எத்தனை பேரோ! அந்த நூல்களை விரித்து மேசைமேல் நிறுத்தினால் அங்கேயே ஒரு கண்காட்சி உருவாகிறது. பெட்டியை வாங்கியவரே காட்சியமைப்பாளர் ஆகிறார். 2014இல் வந்த 'மியூசியம் ஆஃப் சான்ஸ்' 88 வெவ்வேறு அட்டைகளுடன் வெளியானது. அதன் படிகளை மரச்சட்டங்களில் இட்டுச் சுவரில் மாட்டியபோது நூலே காட்சிப் பொருளானது. 'மியூசியம் பவன்' மடித்து விரிக்கும் மரக் கட்டமைப்புகளாக ஹேவர்ட் கூடத்தில் நின்றது. பின்னர் 2017இல் ஒன்பது குறுநூல்கள் கொண்ட பெட்டியாகக் கைக்குள் வந்தது. இப்போது சொல்லுங்கள், அதைக் கண்காட்சிகள் என்ற கட்டத்தில் எழுதுவதா, வெளியீடுகள் என்ற கட்டத்திலா? இரண்டும் வேறு என்ற எண்ணத்தையே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கலைத்து வருபவரை அதே கட்டங்களுக்குள் அடைப்பது அவரைப் படிக்காமல் விடுவதற்கு நிகர்.

எதிர்வாதங்களையும் எதிர்கொள்ள வேண்டும். அச்சிட்ட நூல் நகல்தானே, மூலம் சுவரில் தொங்கும் படம்தானே என்று கேட்கிறார்கள். ஒளிப்படத்துக்கு ஓவியத்தைப் போன்ற ஒற்றை மூலம் கிடையாது. சுவரில் தொங்குவதும் ஒரு பிரதியே. 'ஒரே பிரதி' என்ற மதிப்பு சந்தைக்குத் தேவைப்படுவது. அதை ஆய்வாளர் ஏன் சுமக்க வேண்டும்? காலவரிசை இல்லாமல் வரலாறு எழுத முடியுமா என்பது அடுத்த கேள்வி. முடியாது, நானும் காலவரிசையைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அது சாரம் மட்டுமே. கட்டடம் எழும்பியபின் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும்.

மூன்றாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. கலை எல்லோர் கைக்கும் எட்ட வேண்டும் என்று நூலைத் தேர்ந்தவருடைய நூல்கள் ஜெர்மனியில் அச்சாகி யூரோ விலையில் விற்கின்றன. அவை இங்குள்ள மாணவருக்கு எட்டுவதில்லை. இதை மறைக்க மாட்டேன். என் இயலிலும் விமர்சனமாக எழுதியிருக்கிறேன். ஆனால் அதன் விளைவு என்னவாக இருக்க வேண்டும்? தனியொருவரால் வாங்க முடியாததை நூலகம் வாங்க வேண்டும். வாங்கியதைத் திறந்து வைக்க வேண்டும். நான் தேடிச் சென்ற நூலகம் ஒன்றில் அந்த ஏழு நூல் பெட்டி இரும்பு அலமாரிக்குள் பூட்டப்பட்டிருந்தது. பதிவேட்டில் 'கண்காட்சிக் கையேடு' என்று எழுதியிருந்தார்கள். அனுமதிக் கடிதம் பெற்று, ஊழியர் ஒருவர் அருகில் நிற்க, ஒரு மணி நேரம் பார்த்தேன். மடிப்புகள் அழுத்தமாக ஒட்டிக் கிடந்தன; எனக்கு முன் அதை யாரும் விரிக்கவில்லை என்றே தோன்றியது. நான் விரித்து நிறுத்தியபோது அந்த ஊழியர் தாமாகவே அருகில் வந்து குனிந்து பார்த்தார். அந்த நூல் கேட்பது அவ்வளவுதான்.

2013இல் இவர் வெளியிட்ட நூலின் பெயர் 'ஃபைல் ரூம்'. மூட்டை கட்டிய கோப்புகள், அடுக்குகள், அவற்றின் நடுவே அமர்ந்து காக்கும் மனிதர்கள் ஆகியவற்றின் படங்கள் அதில் உள்ளன. கோப்புகளை இவ்வளவு கனிவோடு பார்த்தவரை நாம் ஒரு கோப்பாக்கி முடித்துவிடுகிறோம்.

இந்தப் பழக்கம் வகுப்பறையோடு நிற்பதில்லை. தமிழ் நாளேடுகளிலும் இதழ்களிலும் ஒரு கலைஞரைப் பற்றி எழுதும்போது எத்தனை நாடுகள், எத்தனை விருதுகள் என்பதோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. ஒரு படைப்பையேனும் பார்த்து எழுதிய பத்தி அரிது. பணி உயர்வுக்கு மதிப்பெண் எண்ணிப் பழகிய நாம், கலைஞருக்கும் மதிப்பெண் போடுகிறோம். விருது கிடைக்காதவர் இந்தக் கணக்கில் தோற்றுப்போகிறார். விருது கிடைத்தவரின் படைப்போ பார்க்கப்படாமலே போகிறது.

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. கலைத்துறைகளின் ஆய்வுப் படிவங்களில் 'பிற வெளியீடுகள்' என்ற கட்டத்தை நீக்குங்கள். கலைஞர்களின் நூல்களைப் படைப்புகள் என்று நூலகப் பதிவேட்டில் எழுதுங்கள். பூட்டைத் திறந்து, மேசை ஒன்றை ஒதுக்கி, மாணவர்களின் கைகளில் அவற்றைக் கொடுங்கள். அவர்கள் விரித்து, மாற்றி, அடுக்கிப் பார்க்கட்டும். தேய்ந்தால் தேயட்டும்.

அடுத்த மீளாய்வு வரும் மாதம். பட்டியலை ஒரு பக்க அளவில் பின்னிணைப்பில் சேர்த்துவிட்டேன். நூல்கள் மூன்றாம் இயலிலேயே இருக்கின்றன.