குளச்சலுக்கு ஒரு ஓட்டு

குளச்சல்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 1741, மார்த்தாண்ட வர்மா, டச்சுக்காரங்க தோத்த போர். ஸ்கூல்ல ரெண்டு மார்க் கேள்வி. நான் பேச வந்தது வேற வருஷங்கள். 2016-ல இருந்து 2022 வரைக்கும். அதைப் பத்தி எந்தக் கேள்வித்தாளும் கேட்கல, நம்மளும் கேட்கல.

2016 ஜூலை 5-ம் தேதி, குளச்சலுக்குப் பக்கத்துல இனயத்துல பெரிய துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கை அளவுல ஒப்புதல் கொடுத்தது. கடற்கரை ஊர்கள்ல எதிர்ப்பு கிளம்பிச்சு. அந்த அக்டோபர்லயே தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களோட அஞ்சு வருஷக் காலம் முடிஞ்சது. அதே மாசம் நடக்க வேண்டிய தேர்தலோட அறிவிப்பை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணிச்சு. அதுக்கப்புறம் நகராட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல.

நடுவுல என்னெல்லாம் வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. துறைமுகச் சண்டை. 2017 நவம்பர் 30, ஒக்கி. அப்புறம் கொரோனா. இந்த மூணுக்கும் குளச்சல் நகராட்சியோட 24 வார்டுல ஒண்ணுக்குக்கூட கவுன்சிலர் கிடையாது. மன்றத்தோட அதிகாரம் முழுக்க தனி அலுவலர் கையில. அவர் நல்லவரா கெட்டவராங்கிறது இங்க பேச்சே இல்ல. அவரை எதிர்த்து ஓட்டுப் போட அந்த அறையில இன்னொரு ஆள் இல்ல, அதுதான் பிரச்சினை.

"கவுன்சிலர் இருந்திருந்தா மட்டும் என்ன மக்கா கிழிச்சிருப்பாரு?" ஹாஸ்டல்ல இதைப் பேசினா வர்ற முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட.

ஒரு நகர்மன்றத்துல தீர்மானம் எப்படி வருது? கூட்டப்பொருள் முன்கூட்டியே உறுப்பினர்களுக்குப் போகும். ஒருத்தர் முன்மொழிவார், இன்னொருத்தர் வழிமொழிவார், வந்திருக்கிறவங்கள்ல பெரும்பான்மை எந்தப் பக்கமோ அதுதான் முடிவு. சமமா வந்தா தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. 24 பேர் மன்றத்துல 12-க்கு 12 வர்றது நடக்காத விஷயம் இல்ல. ஆனா பல ஊர்ல பொருளை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள 'ஆல் பாஸ்'னு குரல் வந்துடும். எதிர்ப்பு இருந்தா வெளிநடப்பு. ரெண்டுமே எனக்குப் பிடிக்கல. வெளிநடப்பு பண்ணினா நியூஸ்ல வரும், தீர்மானப் புத்தகத்துல எதிர் ஓட்டா வராது.

சரி, முறையாவே ஓட்டுப் போட்டு ஜெயிச்சுட்டாங்கன்னு வைங்க. துறைமுகம் நகராட்சி அதிகாரத்துக்குள்ள வர்ற விஷயம் இல்ல. ஒரு சின்ன ஊரோட காகிதம் சென்னையிலயோ டெல்லியிலயோ ஒரு ஃபைலுக்குள்ள தூங்கும். அதனால அந்தக் காகிதத்தை மத்த ஊர்களும் சேர்ந்து தூக்கணும்.

கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல இதுக்குன்னே ஒரு சங்கம் இருக்கு. 1905-ல ஆரம்பிச்ச நகராட்சிகள் ஒன்றியம். ஒரு ஊர் மன்றம் முதல்ல தன் கூட்டத்துல தீர்மானம் போடும். 'இன்ன காரணத்தால், இன்னது செய்ய வேண்டும்'னு சுருக்கமா எழுதணும், வளவளன்னு எழுத முடியாது. அது பக்கத்து ஊர்களெல்லாம் சேர்ந்த வட்டாரச் சங்கத்துக்குப் போகும். அப்படி அஞ்சு சங்கங்கள். அங்க விவாதிச்சு ஓட்டு. அப்புறம் செப்டம்பர்ல நடக்கிற மாநாட்டுல மாகாணம் முழுக்க இருந்து வந்த மேயர்களும் கவுன்சிலர்களும் மறுபடி ஓட்டுப் போடுவாங்க. ஜெயிச்ச தீர்மானத்துக்கு அரசாங்கம் எழுத்துல பதில் சொல்லும், அந்தப் பதிலை யாரும் படிக்கலாம்.

2012 மாநாட்டுல சானிச் நகராட்சி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது: எங்க கடல் வழியா கச்சா எண்ணெய்க் கப்பல் போக்குவரத்தைப் பெருக்குற திட்டங்கள் வேண்டாம். கிட்டத்தட்ட பாதிப் பேர் எதிர்த்தாங்க, மயிரிழையில ஜெயிச்சது. இந்த மயிரிழைதான் எனக்குப் பிடிச்சது. கடற்கரை ஊர்களுக்குள்ளயே ஒருமித்த கருத்து இல்லைங்கிறதும் எண்ணிக்கையா பதிவாச்சு. 2019-ல வடக்குக் கடற்கரைக்கு எண்ணெய்க் கப்பல் தடைச் சட்டம் வந்தது. தெற்குல டிரான்ஸ் மவுண்டன் குழாய் விரிவாக்கம் 2024-ல திறந்தே விட்டாங்க. தீர்மானம் மந்திரக்கோல் இல்லதான்.

இப்ப நம்ம மாவட்டத்துக்கு வாங்க. குளச்சல், பத்மநாபபுரம், குழித்துறை, கொல்லங்கோடுன்னு நாலு நகராட்சி, நாகர்கோவில் மாநகராட்சி, ஏகப்பட்ட பேரூராட்சிகள். இனயத்துல எதிர்ப்பு வந்ததும் துறைமுகம் கோவளம் - மணக்குடி பக்கம் நகர்ந்தது. அங்கயும் போராட்டம். ஒவ்வொரு ஊரும் தனித்தனியா தெருவுல நின்னு கத்த வேண்டியிருந்தது. துறைமுகம் வேணும்னு நினைச்சவங்களும் இருந்தாங்க. அவங்க எத்தனை பேர்னு எண்ணிப் பார்க்கவும் ஒரு மேடை இல்ல. உள்ளாட்சிகள் ஒண்ணாக் கூடி, கைதூக்கி, எண்ணி, எழுதி அனுப்புற மேடை ஒண்ணு நமக்கு வேணும்.

இதெல்லாம் பழைய கதைன்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. நம்ம மாவட்டக் கிராம ஊராட்சிகளோட காலம் 2025 ஜனவரி 5-ல முடிஞ்சது. தேர்தல் வரல, திரும்பவும் தனி அலுவலர்கள்தான் வந்தாங்க. 2022 மார்ச்ல பதவியேத்த நகர்மன்றங்களுக்கு 2027 மார்ச் வரைதான் ஆயுள். காலம் முடியறதுக்கு முன்னாடியே தேர்தலை முடிச்சிரணும்னு அரசியலமைப்பின் 243-யூ பிரிவு தெளிவா சொல்லுது. 2016-லயும் அதே பிரிவு அங்கேயேதான் இருந்தது.

அதனால மாவட்டத்து நகராட்சிகள் சேர்ந்து போட வேண்டிய முதல் தீர்மானம்னு நான் இதைத்தான் சொல்வேன்: "மன்றத்தின் பதவிக்காலம் முடியும் நாளுக்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என மாநிலத் தேர்தல் ஆணையத்தையும் அரசையும் இம்மன்றம் கேட்டுக்கொள்கிறது."

குளச்சலோ வேற ஊரோ, உங்க வார்டுல பகுதி சபைக் கூட்டம்னு ஒண்ணு 2022-ல இருந்து விதியில இருக்கு. அந்த வார்டு வாக்காளரா இருந்தா போய் உட்காரலாம், பேசலாம். மேல இருக்கிற வரியை அப்படியே காப்பி பண்ணி எடுத்துட்டுப் போங்க. கவுன்சிலர் அதை மன்றத்துக்குக் கொண்டுபோனா வழிமொழிய இன்னும் ஒருத்தர் போதும்.